குமரிச் சீமையில் ஒரு பெரிய வம்சம்

குமரி மாவட்டம் என்றால் நம்மில் அநேகருக்கு அம்மன் கோவில், சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, சுசீந்திரத்து அனுமார் இவற்றோடு முடிந்துவிடும். சங்கு மாலையும் கலர் மண் பொட்டலமும் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடிவிடுவோம். நானும் இரண்டு தடவை அப்படித்தான் போய்விட்டு வந்தேன். இந்த ஆனி மாதம் போனது வேறு மாதிரி. என் தங்கையைக் கொடுத்திருப்பது குலசேகரத்துக்குப் பக்கத்து ஊரில். நாகர்கோவிலிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். அவளுடைய மூத்த பெண் பிரசவத்துக்கு வந்து குழந்தைக்கு நாற்பது நாள் ஆகியிருந்தது. குழந்தையைப் பார்த்தது போலவும் ஆச்சு, ஊரைப் பார்த்தது போலவும் ஆச்சு என்று புறப்பட்டேன்.

கூட வந்தவள் தங்கையின் இளைய மகள். திருச்சியில் எங்கள் வீட்டில் தங்கித் தாவரவியலில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். அவளோடு ரயிலில் போவது ஒரு அனுபவம். பஜ்ஜி, காபி எதிலும் கவனம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே செடி கொடியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மதுரை தாண்டியதும், "பெரியம்மா, இங்கேயிருந்து எங்க ஊர் வரைக்கும் ஒரே வரிசையைச் சேர்ந்ததையே காட்டறேன், எண்ணிக்கிட்டு வாங்க" என்றாள்.

வரிசை என்றதும் எனக்குச் சீர்வரிசைதான் ஞாபகம் வந்தது. அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். ஒரு வீட்டு மனுஷர்கள் போல ஒரு இனம். பங்காளி வீடுகள் சேர்ந்தால் குடும்பம். அந்தக் குடும்பங்கள் பல சேர்ந்து, "நம்ம எல்லாருக்கும் பாட்டன் ஒருத்தர்தான்" என்று சொல்லிக்கொள்கிற வம்சம் இருக்கிறதே, அதற்குத் தாவரவியலில் வரிசை என்று பேராம். அவள் சொன்ன வரிசைக்குப் பெயர் மால்பீகியேல்ஸ். மால்பீகி என்ற இத்தாலிய டாக்டரின் (1628-1694) நினைவாக வந்த பெயர். மைக்ராஸ்கோப்பில் ரத்த நுண்குழாய்களை முதலில் பார்த்துச் சொன்னவர் அவர்தான்; செடிகளையும் ஆராய்ந்திருக்கிறார். இந்த வம்சத்தில் 36 குடும்பங்கள், சுமார் 16,000 இனங்கள். அடடா, நம் கோத்திரமெல்லாம் எந்த மூலைக்கு!

இதில் ஆச்சரியம் என்னவென்றால், பார்வைக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. முள்ளுக் கள்ளியும் மங்குஸ்தான் பழமும் ஒரே வம்சம் என்றால் யார் நம்புவார்கள்? பூவையும் காயையும் வைத்துப் பிரித்த பழைய புஸ்தகங்களில் இவை தனித்தனியாகத்தான் இருந்தனவாம். மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்த பிறகு, 1998-ல்தான் எல்லாவற்றையும் ஒரு வரிசையில் சேர்த்தார்கள். ஜாதகப் பொருத்தம் பார்ப்பதை விடப் பெரிய வேலைதான்.

விருதுநகர், கோவில்பட்டிப் பக்கம் வறண்ட காடு. வேலியோரம் திருகு கள்ளி, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஆமணக்கு, காட்டாமணக்கு. மூன்றும் நம் வரிசைதான் என்று விரல் மடக்கினாள். கள்ளியைப் பார்த்ததும் எனக்கு மனசு கொஞ்சம் சங்கடப்பட்டது. கள்ளிப்பால் என்ற வார்த்தையைக் கேட்டால் நம் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு வேறு எது ஞாபகம் வரும்? பெண்ணாய்ப் பிறந்த ஒரே குற்றத்துக்காகப் பச்சைக் குழந்தையின் வாயில் ஊற்றியது அது. 1992-ல் சேலத்தில் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்ததே அந்தக் கொடுமையினால்தான். கள்ளி தன்னை ஆடு மாடு கடிக்காமல் காத்துக்கொள்ள வைத்திருக்கும் பால் அது. கண்ணில் ஒரு சொட்டுப் பட்டாலே பார்வைக்கு ஆபத்து. வேலியில் கள்ளி வெட்டுகிறவர்கள் கையை நன்றாகக் கழுவாமல் கண்ணைக் கசக்கக் கூடாது.

காட்டாமணக்கைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது குழந்தைகள் உள்ள வீட்டுக்கு மிகவும் முக்கியம். வேலிக்காக எல்லா ஊரிலும் நட்டிருக்கிறார்கள். அதன் விதை நிலக்கடலை மாதிரி லேசாக இனிக்கும். அதுதான் வினை. எங்கள் தெருவில் ஒரு விடுமுறை நாளில் நாலு வாண்டுகள் சேர்ந்து அதைத் தின்றுவிட்டு, சாயங்காலம் ஒருத்தர் பின் ஒருத்தராக வாந்தியும் பேதியுமாய்ச் சுருண்டுவிட்டார்கள். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகு தேறினார்கள். ஆமணக்கு முத்து இதையும் விடப் பொல்லாதது. அதில் இருக்கும் ரிசின் கொடிய விஷம். விளக்கெண்ணெயில் அந்த விஷம் இறங்காது, எண்ணெய் பிழிந்த புண்ணாக்கிலேயே தங்கிவிடும். நம் பாட்டிமார் முத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்க வைத்து மேலே மிதக்கும் எண்ணெயை மட்டும் அகப்பையால் எடுத்தார்களே, சும்மாவா? குழந்தை எந்த விதையையாவது தின்றுவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மீதி விதையையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என்ன விதை என்று தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை குறையும்.

திருநெல்வேலி போய், வள்ளியூர் போய், ஆரல்வாய்மொழி வந்ததும் காட்சி மாறிவிட்டது. இந்தப் பக்கம் காற்றாலைகள் சுற்றும் பொட்டல். கணவாயைத் தாண்டினால் வயல், வாழை, தென்னை, குளம் நிறையத் தாமரை. நாகர்கோவிலில் இறங்கி மேற்கே போகப் போக மேடும் பள்ளமுமாய்ச் சாலை. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் நேர் வரிசையில் நிற்கின்றன. ஆனிச் சாரல் வேறு. ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்பில் பாவாடை கட்டினாற்போல் ஒரு பிளாஸ்டிக் தாள். மழைத் தண்ணீர் பால் வடியும் இடத்தில் இறங்காமல் இருக்க அந்த ஏற்பாடு.

மறுநாள் விடியற்காலை தங்கை புருஷன் எங்களைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். சொந்தமாக இரண்டு ஏக்கர். பால் வெட்ட வரும் பெண்மணிக்கு என் வயசு இருக்கும். தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு நாலு மணிக்கே வந்துவிடுகிறாள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடுமாம். சாய்வாக ஒரு கோடு, பட்டையை மயிரிழை கனத்துக்குச் சீவுகிறாள். உடனே வெள்ளை வெளேர் என்று முத்து முத்தாய்க் கசிந்து, கோட்டோடு ஓடி, கீழே கப்பில் சொட்டுகிறது. முன்பெல்லாம் கப்புக்குப் பதில் சிரட்டைதான். "ஆழமா வெட்டிட்டா மரத்துக்கு முறிவு தட்டும்க்கா. அப்புறம் அந்த இடத்துல பால் வராது" என்றாள். ஒரு நாளைக்கு 300 மரத்துக்கு மேல் வெட்டுவாளாம். வெட்டி முடித்துவிட்டு மறுபடி முதல் மரத்திலிருந்து பாலைச் சேகரிக்க வேண்டும். அதற்கும் மேல் வீட்டுச் சமையல், பிள்ளைகள். நாம் காலையில் பால் பாக்கெட் வர அஞ்சு நிமிஷம் தாமதமானால் அலுத்துக்கொள்கிறோம்!

நட்டு ஏழு வருஷம் கழித்துத்தான் முதல் வெட்டு. தினம் வெட்டுவதும் இல்லை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பாலை வடிகட்டித் தண்ணீர் கலந்து, தட்டுகளில் ஊற்றி பார்மிக் ஆசிட் விட்டால் தயிர் மாதிரி உறைந்துவிடுகிறது. அதை ரோலரில் கொடுத்துத் தண்ணீரைப் பிழிந்து, துணி காயப் போடுவது போல் கொடியில் போட்டு, புகை போடுகிறார்கள். தேன் நிறத்தில் ஷீட் தயார். கப்பில் ஒட்டிக் காய்ந்த மிச்சத்துக்கு ஒட்டுப்பால் என்று பெயர். அதற்கும் விலை உண்டு. நாற்றத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டேன், மூன்றாம் நாள் பழகிவிட்டது. ஆஸ்பத்திரி கையுறையிலிருந்து பிறந்தநாள் பலூன் வரை இங்கிருந்துதானே ஆரம்பம்.

இந்த மரம் நம் ஊர் மரமே இல்லை. பிரேசில் காட்டில் விளைந்தது. 1876-ல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 விதைகளைக் கப்பலில் லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தது சுமார் 2,700தான். அதில் பெரும்பாலான கன்றுகளை இலங்கைக்கு அனுப்பினார்கள். நம் நாட்டில் 1902-ல் கேரளத்துத் தட்டேக்காட்டில் வியாபார ரீதியாகத் தோட்டம் போட்டார்கள். குமரி மாவட்டத்தில் கீரிப்பாறை, மணலோடைப் பக்கம் உள்ள அரசு ரப்பர் கழகத் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்களில் பலர் இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்கள். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்களே, அதன்படி தலைமுறைகளாக வாழ்ந்த மண்ணை விட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1984-ல் அந்தக் கழகத்தை அமைத்தார்கள். மரமும் இலங்கை வழியாக வந்தது, வெட்டுகிற கையும் இலங்கை வழியாக வந்தது. மரத்தைப் பற்றிப் பாடப் புஸ்தகத்தில் இருக்கிறது. அந்தப் பெண்கள் மூட்டை முடிச்சோடு கப்பலேறி வந்த கதையை யாராவது உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும்.

தோட்டத்திலிருந்து திரும்பினால் அடுப்படியில் மரச்சீனி வெந்துகொண்டிருந்தது. நாம் மரவள்ளி என்கிறோம், சேலத்தில் குச்சிக்கிழங்கு, அங்கே மரச்சீனி. ரப்பருக்கும் ஆமணக்குக்கும் நெருங்கின பங்காளி இது. இதுவும் பிரேசில்காரி. போர்ச்சுகீசியர்கள் மேற்குக் கடற்கரைக்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் இந்தப் பகுதியெல்லாம் திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1-ல்தான் நம்மோடு சேர்ந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, அரிசிப் பஞ்சத்துக்கு மாற்றாக இந்தக் கிழங்கை ஊர் ஊராகப் பரப்பினார். அதன் பலன் இரண்டாம் உலக யுத்தத்தில் தெரிந்தது. 1942-ல் பர்மா அரிசி வரத்து நின்றபோது இங்கே எத்தனையோ வீட்டில் மூன்று வேளையும் மரச்சீனிதான். அதே யுத்தத்தில் மலேயா ஜவ்வரிசி வருவதும் நின்றுபோக, 1943-ல் சேலத்தில் இந்தக் கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். நம் வீட்டுப் பாயசத்தில் மிதப்பது இவள்தான்.

தங்கையின் மாமியாருக்கு எண்பது வயசுக்கு மேல். யுத்த காலத்தில் இந்தக் கிழங்கு தின்று வளர்ந்தவர்களைத் தனக்குத் தெரியும் என்று சொன்னார். சமையலறையில் இன்னும் அவர் ராஜ்யம்தான். நான் சும்மா இருக்காமல், சீக்கிரம் வேகட்டுமே என்று தட்டை எடுத்துப் பானையை மூடப் போனேன். "அடக் கெடுத்தியே மக்ளே! மரச்சீனிய மூடி அவிக்கப்பிடாது கேட்டியா. ஆவி போணும். ஒரு கொதி வந்தா வெள்ளத்த ஊத்திக் களையணும், பிறவு வேற வெள்ளம் ஊத்தணும்" என்று கையைப் பிடித்துவிட்டார். அங்கே தண்ணீரை வெள்ளம் என்பார்கள்.

ஏன் என்று கேட்டதற்கு, "எங்க அம்ம சொன்னா, அவளுக்கு அவ அம்ம சொன்னா" என்றுதான் பதில் வந்தது. காரணத்தை எம்.எஸ்ஸி. சொன்னாள். மரவள்ளியில் சயனைடு விஷத்தை உண்டாக்கும் ஒரு சத்து இருக்கிறது. கிழங்கை வெட்டினால் அது உடைந்து விஷம் வெளிவரும். அந்த விஷம் ஆவியாகிப் போகக் கூடியது; தண்ணீரிலும் கரையும். அதனால்தான் தோலை உள் தோலோடு கனமாகச் சீவி, சின்னத் துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில், திறந்த பாத்திரத்தில் வேக வைத்து வடித்துவிட வேண்டும். குக்கரில் போட்டு அந்தத் தண்ணீரையே வற்ற வைப்பது கூடாது. பச்சையாகக் குழந்தைகள் கடித்துத் தின்ன விடவே கூடாது. வெந்த பிறகும் கசந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். பிடுங்கி இரண்டு மூன்று நாளுக்கு மேல் ஆன கிழங்கு உள்ளே நீலமாய்க் கறுத்துக் கோடு விட்டிருக்கும். அதையும் வாங்க வேண்டாம். மாவு ஆலைக்குப் போகும் ரகத்துக்கும் சாப்பிடும் ரகத்துக்கும் வித்தியாசம் உண்டு. மலையன்-4 என்கிற எம்-4 ரகம் சாப்பிட நல்லது, மாவாய் மலரும். இந்த ரகங்களை ஆராய்வதற்கென்றே 1963-லிருந்து திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

மரச்சீனிக்கு மீன் குழம்புதான் ஜோடி. இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கிழங்கில் வெறும் மாவுச்சத்துதான், புரதம் மிகக் குறைவு. உடம்பில் மிச்சம் மீதி இருக்கும் அந்த விஷத்தை முறிப்பதற்கும் புரதத்தில் உள்ள கந்தகச் சத்து வேண்டுமாம். மீன் சாப்பிடாத எங்களைப் போன்றவர்கள் பருப்போ பயறோ சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். கிழங்கு மட்டுமே கொடுத்து வளர்க்கிற குழந்தை வயிறு நிறைந்தும் தேறாமல் இருக்கும்.

மீன் குழம்புக்கு அங்கே போடுவது குடம்புளி. அதுவும் நம் வரிசையேதான்! கொடுக்காய்ப்புளியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு. குடம்புளி குட்டிப் பூசணி மாதிரி வரி வரியாய், பழுத்தால் மஞ்சளாய் இருக்கும். விதையை எடுத்துவிட்டுக் காயவைத்துப் புகை காட்டினால் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். உப்பும் தேங்காயெண்ணெயும் தடவி ஜாடியில் போட்டால் வருஷக் கணக்கில் கெடாது. நான் திருச்சிக்கு வந்ததும் மீனுக்குப் பதில் வெண்டைக்காய் போட்டுக் குழம்பு வைத்துப் பார்த்தேன், வீட்டில் இரண்டு பேர் மறுசோறு கேட்டார்கள். இரண்டு சுளையைக் கழுவி வெந்நீரில் ஊறப் போட்டுக் கொதிக்கும்போது சேர்த்தால் போதும். ஆனால் உடம்பு இளைக்க என்று இதன் சாரத்தை மாத்திரையாக விற்கிறார்களே, அதை வாங்கிச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு என்று பல நாட்டு டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். குழம்பில் போடுகிற அளவோடு நிற்கட்டும்.

குடம்புளிக்கு உடன்பிறந்தவள் மாதிரி மங்குஸ்தான். நாங்கள் போனது சீசன் நேரம். கரும் ஊதாத் தோலை இரண்டு கையாலும் அழுத்தினால் உள்ளே பூண்டுப் பல் மாதிரி வெள்ளைச் சுளை. வாயில் போட்டால் கரைகிறது. தோலின் சாயம் புடவையில் பட்டால் போகவே போகாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொல்லைப்புறத்தில் நெல்லி, அரைநெல்லி இரண்டும் இருந்தன. மழைக்குத் தரையெல்லாம் கீழாநெல்லி முளைத்திருந்தது. மூன்றும் ஒரே குடும்பம், இதே வரிசை. நெல்லிக்காயில் ஆரஞ்சுப் பழத்தை விடப் பல மடங்கு வைட்டமின் சி. அதியமான் ஒளவைக்குக் கொடுத்ததை நான் சொல்லியா தெரிய வேண்டும்! கீழாநெல்லியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மஞ்சள் காமாலைக்கு அரைத்து மோரில் கொடுப்பது தலைமுறை வழக்கம். 1988-ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் கீழாநெல்லி பி வகைக் கல்லீரல் நோய்க்குப் பயன்படுவதாகப் பிரபலமான லான்செட் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அதே பலன் கிடைக்கவில்லை. மஞ்சள் காமாலை என்பது ஒரே வியாதி இல்லை. கிருமியாலும் வரும், பித்தப்பைக் கல்லாலும் வரும். பிறந்த குழந்தைக்கு வருவது இன்னொரு வகை. ரத்தம் பார்க்காமல் பத்து நாள் பச்சிலையை மட்டும் நம்பியிருந்து நேரம் தவறிப்போன குடும்பங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. பிறந்த குழந்தை மஞ்சளாகத் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பி வகைக்குப் பிறந்தவுடன் போடும் தடுப்பூசி அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசம்.

குழந்தை என்றதும் வீட்டில் நடந்த ஒரு சமாசாரம். மார்த்தாண்டம் தேனுக்குப் பேர் போன ஊர் இல்லையா? 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் அங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராம நிலையத்தில் தேனீ வளர்க்கக் கற்றுக் கொடுத்தார். இன்றைக்கும் தேன் வீட்டு வருமானமாக இருக்கிறது. அந்தத் தேனில் பெரும் பங்கு ரப்பர் மரத்திலிருந்து கிடைப்பது என்றால் நம்புவீர்களா? பூவிலிருந்துகூட இல்லை. இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும்போது, மூன்று இலையும் காம்பில் சேரும் இடத்தில் இனிப்புத் துளி சுரக்கிறது. அந்த இரண்டு மூன்று மாசம் தேனீக்களுக்குக் கல்யாண விருந்துதான்.

நாங்கள் மார்த்தாண்டத்தில் வாங்கி வந்த தேன் பாட்டிலைப் பார்த்ததும் பாட்டியம்மாவுக்குச் சந்தோஷம். "பிள்ளைக்கு நாக்குல தடவணும், பேச்சு தெளியும். அப்பிடியே வெளக்கெண்ணெய் ஒரு சங்கு குடுத்தா வயிறும் சுத்தமாகும்" என்று எழுந்துவிட்டார். பெற்றவள் மிரண்டு தங்கையைப் பார்க்கிறாள், தங்கை என்னைப் பார்க்கிறாள். ஒரு வயசு முடியாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது என்று பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் எழுதியே கொடுத்திருக்கிறார். தேனில் ஒரு வகைக் கிருமி விதை உறங்கிக் கிடக்கலாம். நமக்கு ஒன்றும் செய்யாது; பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து விஷம் சுரக்கும், கை கால் துவண்டு மூச்சுகூட நின்றுவிடலாம். விளக்கெண்ணெயும் அப்படித்தான். வாயிலும் மூக்கிலும் ஊற்றும்போது எண்ணெய் புரையேறி நுரையீரலுக்குப் போனால் லேசில் ஆறாத நிமோனியா வரும். கர்ப்பிணிகளும் வலி வரட்டும் என்று தாங்களாக விளக்கெண்ணெய் குடிக்கக் கூடாது.

இதை எப்படி ஒரு பெரியவரிடம் சொல்வது? "நான் எட்டுப் பிள்ளைக்குக் குடுத்தேனே, எல்லாம் கல்லுக் கணக்கா இருக்கு" என்றார். பேத்திதான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "ஆச்சி, மரச்சீனி வெள்ளத்த ஏன் ஊத்துறோம்? கண்ணுக்குத் தெரியாத விஷம் போகத்தானே? தேன்லயும் கண்ணுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. அதுக்கு ஊத்திக் களைய வழி இல்ல ஆச்சி" என்றாள். பாட்டியம்மா பதில் பேசவில்லை. பாட்டிலை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டு, "வயசு நெறையட்டும்" என்று மட்டும் சொன்னார். ஆனால் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை மறுநாள் காலையில் குழந்தையின் தொட்டில் பக்கத்தில் பார்த்தோம். வயிற்றின் மேல் தடவத்தான் எடுத்தேன் என்றார். தடவிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள் பெற்றவள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியுமா?

கிளம்புவதற்கு முந்தின நாள் மணக்குடி காயலுக்குப் போனோம். பழையாறு கடலில் கலக்கிற இடம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இங்கே இருந்த பாலத்தையே அலை பெயர்த்துத் தள்ளிவிட்டது. கரையோரச் சதுப்பில் சுரபுன்னை மரங்கள் நிற்கின்றன. கால் ஊன்றிக்கொண்டு நிற்பது போல் வளைந்து வளைந்து இறங்கும் வேர்கள். இதுவும் அதே வம்சம் என்று விரலை மடக்கினாள். அதன் விசேஷத்தைக் கேட்டால் நாம் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட வேண்டும். விதை கீழே விழுவதில்லை. தாய் மரத்திலேயே காய்க்குள் முளைத்து, முருங்கைக்காய் மாதிரி நீளமாய்த் தொங்குகிறது. உப்புத் தண்ணீரைத் தாங்குகிற பக்குவம் வந்த பிறகுதான் தாய் கையை விடுகிறாள். சேற்றில் விழுந்து குத்தி நின்றால் அங்கேயே வேர் பிடிக்கும், இல்லாவிட்டால் மிதந்து போய் வேறு கரை சேரும். நெருக்கமாக வளர்ந்த இந்தக் காடு அலையின் வேகத்தைத் தணிக்கும். இறாலும் மீன் குஞ்சும் வேருக்குள் பதுங்கி வளரும்.

கொஞ்சம் தள்ளிக் கடலோர மணலில் புன்னை. பெயர் ஒத்துப்போனாலும் சுரபுன்னை வேறு, புன்னை வேறு, வம்சம் மட்டும் ஒன்று. வழவழப்பான இலை, வெள்ளைப் பூ, நடுவில் பொன் நிற மகரந்தம். அதன் கொட்டை எண்ணெய் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு விளக்கெரித்தது. மரம் தோணி கட்டப் போயிற்று. சாப்பிட உதவாத எண்ணெய். நற்றிணையில் ஒரு பாட்டில், தாங்கள் வளர்த்த புன்னையைத் தன் தங்கை என்று பெண் சொல்லி, அதன் நிழலில் காதலனோடு பேச வெட்கப்படுகிறாளாம். எம்.எஸ்ஸி. இதைச் சொன்னபோது பக்கத்தில் நின்ற என் தங்கை, "அக்கா இருக்கிறப்ப எனக்கு அந்த வெட்கமெல்லாம் வந்ததே இல்லை" என்றாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

திரும்பும்போது சாமான் சேர்ந்துவிட்டது. ஒரு கிலோ குடம்புளி, உப்பில் போட்ட நெல்லிக்காய் ஒரு பாட்டில், மங்குஸ்தான் ஒரு கூடை. பாட்டியம்மா எம்-4 மரச்சீனிக் கம்பு இரண்டைச் சாண் நீளத்துக்கு வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி என் பையில் சொருகிவிட்டார். கணு மேல் நோக்கி இருக்கும்படி நட வேண்டும், பத்து மாசத்தில் கிழங்கு பிடுங்கலாம் என்று இரண்டு தடவை சொன்னார். இலையை ஆடு மாடு மேய்ந்தால் அதற்கும் அந்த விஷம்தான், செத்துப்போகும் என்று மூன்றாம் தடவை சொன்னார். பக்கத்து வீட்டில் ஆடு வளர்க்கிறார்கள். அதனால் வேலியை விட்டுத் தள்ளி, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நட்டிருக்கிறேன். ஒன்று துளிர்த்துவிட்டது.